பூட்டிய வீட்டு நுளம்புகள்

நுளம்புகள் அவளைக் கடிக்கவில்லை. இலுப்பைக்கடவையில் அந்தப் பூட்டிய வீட்டு வாசலில் நின்றபோது சிவராணிக்கு முதலில் உறுத்தியது அதுதான். பொழுது சாய்ந்து, கடற்காற்று ஓய்ந்து, காதோரம் ரீங்காரம் அடர்ந்திருந்தும் அவள் கைகளில் ஒன்றுகூட வந்து குந்தவில்லை.

மலேரியாத் தடுப்புப் பிரிவில் நுளம்பு பிடித்துச் சோதனைக்கு அனுப்புவது அவள் வேலை. வெள்ளாங்குளத்திலிருந்து கரையோரமாகப் பிடித்தவற்றில் கிருமி இருந்தது. தெற்கே இலுப்பைக்கடவைப் பக்கம் வரவர, மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே வந்தது. ஆனால் வீடு வீடாக விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஊரில் ஒருவரிடமும் கிருமியில்லை. மனித இரத்தத்திலிருந்துதான் அது நுளம்புக்குப் போகும். அப்படியென்றால், சோதிக்காத யாரோ ஒருவர் இருக்கிறார்; பார்க்காமல் விட்டது இந்தப் பூட்டிய வீடு மட்டும்தான். அந்த ஒருவரைக் கண்டுபிடிக்காவிட்டால் மாரி மழை தொடங்கியதும் பிள்ளைகள் காய்ச்சலில் விழுவார்கள்.

"இதுக்குள்ள ஆர் இருக்கினம், அம்மா?" என்று அயல்வீட்டுச் செபஸ்தியம்மாவிடம் கேட்டாள்.

"ஒருதரும் இல்லை, பிள்ளை. இந்தியாவுக்குப் போன சனம், திரும்பி வரேல்லை. திறப்பு என்னட்டத்தான் கிடக்கு." திறப்பை வேலிக்கு மேலால் நீட்டியவள் இந்தப் பக்கம் வரவில்லை. "பாத்திட்டுக் கெதியா வாங்கோ."

திறப்பால் பூட்டைத் திறந்தாள். உள்ளே புழுங்கிய காற்றும் வௌவால் எச்சமும் மணத்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை, காய்ச்சல்காரர் நாட்கணக்காகப் படுத்த பாயிலிருந்து எழும் வியர்வை நெடி. ரோச் விளக்கின் வெளிச்சம் சுவரில் ஊர்ந்தபோது எங்கும் நுளம்புகள் சாய்ந்து ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் வயிறும் சிவந்து புடைத்திருந்தது. புது இரத்தம். இன்றைக்குக் குடித்தது.

அவளைத் தீண்டாதது அதனால்தான். அவற்றுக்குப் பசியில்லை.

உள்ளறையில் ரீங்காரம் தடித்திருந்தது. பழைய அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே கறுப்பாக ஒரு சாக்கு. வெளிச்சத்தை அதில் நிறுத்தினாள்.

சாக்கு இல்லை.

நுளம்புகள். ஒன்றன்மேல் ஒன்றாக. முழங்காலை மடக்கிக் குந்தியிருக்கும் ஓர் ஆளின் வடிவில்.

அது நடுங்கியது. குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போடுவதுபோல. நின்றது. மறுபடி நடுங்கியது.

"பிள்ளை, காணும். வெளியில வாங்கோ." செபஸ்தியம்மாவின் குரல் வெகுதூரத்தில் கேட்டது.

நுளம்புகள் ஒருமிக்கக் கிளம்பின. அறை இருண்டது.

வெளிச்சத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. சாம்பல் நிறத் தோல், முழுவதும் ஊசி குத்திய புள்ளிகள். இரத்தம் எடுக்கக் கொடுப்பவரைப்போல ஒரு விரலை மட்டும் நீட்டி, பொறுமையாக, அவள் முகத்துக்கு நேரே.