கம்பியின் நீளம்

பின்னறைத் தொலைபேசியை யாரோ எடுத்த ‘டக்’ சத்தம் கேட்டது. அந்த அறை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது.

நிஷாந்தினி அப்போது கூடத்துப் போனில் தோழி பஸ்லாவிடம், மாத்தளை டவுனில் வாடகைக்கு ஓர் அறை கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கமானது. கணவனின் அம்மா, மாமி தெரேசா, உயிரோடு இருந்த காலத்தில், இவள் கூடத்தில் போனை எடுத்தால் போதும், பின்னறையில் இருந்த எக்ஸ்டென்ஷன் போனில் அந்த ‘டக்’ விழும். பிறகு பேச்சு முடியும்வரை ஒரு மூச்சும், அதற்கு அடியில் கொக்கி ஊசி நூலை இழுக்கும் மெல்லிய உரசலும் கேட்டுக்கொண்டே இருக்கும். மாமி கோயில் பீடத் துணியின் ஓரத்துக்குப் பூப்பூவாக ரேந்தை பின்னியபடியேதான் ஒட்டுக் கேட்பாள். மாமியை வஹகோட்டைச் சேமக்காலையில் அடக்கம் செய்தாயிற்று. இப்போது மூச்சு இல்லை. உரசல் மட்டும் இருந்தது.

“என்னடி, பேசிக்கிட்டே இருந்தவ ஊமையாகிட்ட?” என்றாள் பஸ்லா. “லைன்ல வேற யாரும் இருக்காங்களா?”

“இல்லடி. லைன் பழசு.”

அந்தப் பழைய லைனை நம்பித்தான் அவள் இருந்தாள். மிளகுத் தோட்டத்துக்குள் பள்ளத்தில் இருந்த அந்த வீட்டுக்கு மொபைல் சிக்னல் வராது. டவுனிலிருந்து கம்பம் கம்பமாகத் தொங்கி வரும் தொலைபேசிக் கம்பியில்தான் இன்டர்நெட்டும் வந்தது, வந்த களைப்பில் விழுந்து விழுந்து எழுந்தது. வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்வதைத் தட்டச்சு செய்துகொடுக்கும் வேலைக்கு அவளைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். குரல் அறுந்து அறுந்து கேட்டால் வேலை நிலைக்காது. நிலைத்தால் சம்பளம் அவள் கைக்கு வரும். கட்டாரில் இருக்கும் கணவன் மேர்வினிடம் கேட்காமலே அவள் இங்கிருந்து போய்விடலாம். கேட்டால் அவனுடைய பதில் எப்போதும் ஒன்றுதான். “நீ டவுன்ல போய் என்ன கிழிக்கப்போற? வீட்ட யாரு பாக்குறது?”

லைன் பார்க்கத் தொலைபேசிக் கம்பனியிலிருந்து சசிக்குமார் மழையோடு வந்தான். சுவரில் ஓடிய கம்பியை விரலால் தடவிக்கொண்டே நடந்தான்.

“எக்ஸ்சேஞ்ச்ல இருந்து ரொம்ப தூரம் அக்கா. இங்க வந்து சேர்றதுக்குள்ள இன்டர்நெட்டுக்கே மூச்சு வாங்குது.”

“ஸ்பீட கூட்ட வழியே இல்லையா தம்பி?”

“ஒன்னு எக்ஸ்சேஞ்ச் இங்க வரணும். இல்லாட்டி வீட்டோட நீங்க அங்க போகணும்.” அவனே சிரித்தான். பிறகு குனிந்து பார்த்தான். “இந்தக் கிளை எங்க போகுது?”

“பின்னறைக்கு. எங்க மாமியோட போன்.”

“யாரும் பாவிக்கிறதில்லயே? இதுதான் பாதி ஸ்பீட குடிக்குது. வெட்டிருவமா?”

அவள் சாவியைக் கொடுத்தாள். அறைக்குள் போகவில்லை. கடைசியாக அவள் உள்ளே போனது மாமியைப் பெட்டியில் கிடத்திய அன்றைக்கு. லீவு கிடைக்காத மகன்கள் தாயின் காதில் போனை வைக்கச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, போய்வாங்கம்மா என்று வழியனுப்புவது இந்தப் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. மேர்வினுக்காக நிஷாந்தினிதான் எக்ஸ்டென்ஷன் போனை மாமியின் குளிர்ந்த காதில் வைத்தாள். பிறகு கூடத்துக்கு வந்து, வாழ்க்கையில் முதல்தடவையாக, தானும் ரிசீவரை எடுத்து ஒட்டுக் கேட்டாள். மேர்வின் வழியனுப்பவில்லை. “அம்மா, நிஷா வீட்ட விட்டுப் போயிருவா. விடாதீங்க. நீங்கதான் பாத்துக்கணும்” என்றான். செத்தவர்களிடம் வேலை ஒப்படைக்கக்கூடாது என்று இந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

“வெட்டியாச்சு,” என்றான் சசிக்குமார். மோடத்தின் விவரங்கள் இருக்கும் பக்கத்தைக் கணினியில் திறந்து காட்டினான். “இது லைனோட தூரம். ஸ்பீட் கூடும், குறையும். தூரம் மாறாது. கம்பி என்ன, சுருங்கவா போகுது?”

அன்று மாலையே டாக்டர்களின் குரல் தெளிந்தது. அடுத்த நாள் இன்னும் தெளிந்தது. அவர்கள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. கேட்கும்போதெல்லாம் அவள் மனதுக்குள் ஒரு கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. அந்தச் சந்தோஷத்தை யாருக்கும் கேட்காமல் ஒளித்து வைக்கவேண்டும் என்று ஏன் தோன்றியது என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஒரு நாள் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தாள். தூரம் குறைந்திருந்தது. காட்டிய அளவை வைத்துப் பாதையை நினைத்துப் பார்த்தால், லைன் டவுன்வரை போகவில்லை. ஜுனைதீன் நானாவின் கடைச் சந்தியோடு முடிந்தது. அதற்கு அடுத்த நாள், வீட்டுக்கு இன்னும் கிட்ட, பாலத்தோடு முடிந்தது. அவள் சசிக்குமாரை அழைத்தாள்.

“எக்ஸ்சேஞ்ச கிட்ட கொண்டுவந்துட்டீங்களா தம்பி?”

“மோடம் சில நேரம் பொய் சொல்லும் அக்கா. வேல ஓடுதில்ல? சும்மா இருங்க.”

டக்.

“அக்கா, வீட்டில வேற யாராச்சும் போன எடுத்தாங்களா?”

“நான் தனியாத்தானே இருக்கேன்.”

“இல்ல... எடுத்த சத்தம் கேட்டுச்சு. நான்தான் அத வெட்டிட்டேனே.” அவன் குரல் தாழ்ந்தது. “என்னமோ உரசுது அக்கா.”

அழைப்பு அறுந்தது. அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்த பிறகும் அந்த உரசல் நிற்கவில்லை. அது போனுக்குள் இருந்து வரவில்லை.

மறுநாள் பிற்பகல், மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, வேலை நிரந்தரம் என்று செய்தி வந்தது. அவள் உடனே பஸ்லாவை அழைத்தாள். “அந்த ரூம எனக்கே சொல்லிரு. இன்னைக்கே வந்துர்றேன்” என்று வாய் திறந்து சத்தமாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் ரிசீவருக்குள் பஸ்லா இல்லை என்பதைக் கவனித்தாள். நெருக்கமான, ஈரமான ஒரு மூச்சு இருந்தது.

பையை எடுத்தாள். சன்னலுக்கு வெளியே கம்பங்கள் பாலம்வரை வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே எதுவும் தொங்கவில்லை. வானம் மட்டும். ஆனால் மோடத்தின் விளக்குகள் அசையாமல் எரிந்தன. கணினியில் வேகம் முன் எப்போதும் இல்லாத அளவுக்கு ஏறியிருந்தது. தூரத்தைப் பார்த்தாள். அது வாசல் கேற்றுவரைகூட இல்லை. ஓர் அறையின் நீளம்.

முன்கதவுக்கு ஓடினாள். கைப்பிடியில் விரல் கிழிந்தது. செம்புக் கம்பி, மயிர் அளவு மெல்லியதாக, கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே பூப்பூவாகப் பின்னப்பட்டிருந்தது. பீடத்து ரேந்தையின் அதே பூக்கள். இழுத்தாள். கண்ணிகள் இறுகின. சமையலறைக் கதவிலும் அதே பூக்கள். சன்னல்களில், கம்பிக்குக் கம்பி, அதே பூக்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கவே கடைசி இடைவெளியும் மூடியது. வெயில் துளைத்துளையாக உள்ளே விழுந்தது.

ரேந்தையின் நிழல் தரையில். பையின் மேல். அவள் கைகளின் மேல்.

உரசல் நின்றது.

மேசையிலிருந்து மோடம் இழுபட்டு விழுந்தது. விளக்குகள் எரிந்தன. கம்பி தரையில் நெளிந்து, நிமிர்ந்து, விறைத்தது. அதன் மறுமுனை பின்னறைக் கதவின் சாவித்துவாரத்துக்குள் போயிருந்தது. அந்தத் துவாரத்திலிருந்து கொக்கி ஊசி மெதுவாக வெளியே வந்தது. நிதானமாக. பழகிய கை பிடித்திருப்பதுபோல.

அடுத்த கண்ணியைத் தேடி, அது அவள் பக்கம் திரும்பியது.