துப்பாக்கிக்கும் பாஸ்!

போன் அலறியது!

ஞாயிற்றுக்கிழமை மதியம். செக்கிங் இன்சார்ஜ் பெருமாள்சாமி சாப்பாட்டுக் கையோடு எடுத்தார்.

"ஏனுங்க, கம்பெனிக்கு வாங்க. ஒரு பீஸ் செக் பண்ணோணும்!"

பனியன் கம்பெனி ஓனர் மகுடேஸ்வரன். லீவு நாளில் கூப்பிட்டாலும் வாலாட்டிக்கொண்டு ஓடுகிற ஜென்மம் பெருமாள்சாமி. ஓடினார்.

கட்டிங் டேபிளில் கிடந்தது...

ஒரு ரைஃபிள்!

பின்னால் ஷட்டர் இறங்கியது.

"யா... யாருக்கு மொதலாளி இது?"

"உங்களுக்குத்தானுங்க. தப்பா நெனைக்காதீங்க. கொழந்தைங்க பனியன்ல ஒடஞ்ச ஊசி இருக்குதுன்னு சரக்கு வாங்கற பையருக்கு மெயில் போட்டீங்கல்ல? ஆர்டர் போச்சுங்க!"

பெருமாள்சாமி இருபது வருஷ சர்வீஸில் சொன்ன ஒரே உண்மை. அதற்கு இந்தப் பரிசு!

"அ... அதை என்னையவே எதுக்கு செக் பண்ணச் சொல்லுதிய?"

"நீங்க பாக்காம நம்ம கம்பெனில எந்தப் பீஸை யூஸ் பண்ணியிருக்கறோம்? வெல கம்மின்னு வாங்கிட்டனுங்க. மனசு ஒப்பல."

தோட்டா ஓனரின் கையில். துப்பாக்கி பெருமாள்சாமியின் கையில். அதன் கட்டையால் ஓனர் மண்டையில் ஒரு போடு போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்! மனுஷர் என்ன செய்தார்? கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"குறி பாக்குற முனை சாஞ்சுல்லா இருக்கு..."

"கிட்ட நின்னு சுட்டுக்கறனுங்க."

"சேஃப்டி லாக் நிக்க மாட்டேங்கு."

"எனக்கெதுக்குங்க சேஃப்டி?"

"மொதலாளி... தோட்டா போடுற எடத்துல ஒரு விரிசல் ஓடுது. சுட்டா ஒங்க மூஞ்சிக்குத்தான் வெடிக்கும்! வேண்டாம், ரிஜெக்ட்!"

ஓனர் முறைத்தார். ஒவ்வொரு ஷிப்மென்ட்டுக்கும் முறைக்கும் அதே முறைப்பு!

"உசுருக்குப் பயந்துட்டுக் குத்தஞ் சொல்றீங்க. கடைசியாக் கேக்கறேன்... பாஸா, ரிஜெக்டா?"

உயிர் பிழைக்க ஒரே ஒரு வார்த்தை, 'ரிஜெக்ட்'. அதைச் சொல்லத்தான் பெருமாள்சாமி வாயைத் திறந்தார்.

"பா... பாஸ் மொதலாளி!"

வாய் பழகிவிட்டது!

சொன்ன மறு விநாடி தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனாலும் துப்பாக்கியை இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

ஓனர் தோட்டாவைப் போட்டார். குறி வைத்தார்.

பெருமாள்சாமி கண்களை இறுக மூடினார். மகள் அபிராமியின் முகம் வந்தது. வெட்கமில்லாமல் அழுதார்.

டமார்...!

நெஞ்சைத் தடவினார். ஓட்டை இல்லை. கண்ணைத் திறந்தார்.

கீழே ரத்தத்தில் கிடந்தவர் ஓனர்! துப்பாக்கி பின்பக்கமாக வெடித்திருந்தது.

ஆம்புலன்ஸ் ஓனரை அள்ளிக்கொண்டு போனது. இன்ஸ்பெக்டர் தனுஷ் பெருமாள்சாமியை ஏற இறங்கப் பார்த்தார்.

"விரிசல் இருந்தது உனக்குத் தெரியுமாய்யா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா பாஸ் போட்ட?"

"அதுக்குத்தான சார் இருபது வருஷமா சம்பளம் வாங்குதேன்!"