கிறிஸ்துமஸ் மரத்து அணில்கள்

அணில்கள் செத்துப்போன பிறகும் மரத்தைக் கொறிக்கும் சத்தம் நிற்கவில்லை. பொன்மலை வீட்டின் அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அமலராணி கையை நிறுத்திக் காது கொடுத்தாள். கறுக், கறுக், கறுக். பட்டப்பகலில், ஒரு காக்கைகூட வாய் திறக்காத மதிய வெயிலில்.

ஜன்னலை ஒட்டி நின்ற அந்தக் கிறிஸ்துமஸ் மரம், மகள் லிசி பிறந்த வருஷம் அவள் கணவர் ஸ்தனிஸ்லாஸ் கொடைக்கானலிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து வைத்தது. கனடாவிலிருந்து லிசி பிள்ளைகளோடு இந்தப் பண்டிகைக்கு வருகிறாள். அதற்குள் அணில்கள் பட்டையை உரித்தும் குருத்தைக் கடித்தும் மரத்தை மொட்டையாக்கத் தொடங்கியிருந்தன.

விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த ஸ்தனிஸ்லாஸுக்கோ அவைதான் துணை. படுத்தபடியே ஜன்னல் கம்பி வழியாகக் கை நீட்டுவார். உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து தேங்காய்ச் சில்லைத் தின்னும். வேறு யார் வைத்தாலும் தொடாது. அதனால் எலி மருந்து தடவிய சில்லுகளை அவர் கையிலேயே கொடுத்தாள் அமலராணி. அவர் சிரித்துக்கொண்டே ஊட்டினார். பிறகு சோப்புப் போட்டு அந்தக் கையைக் கழுவிவிட்டபோது அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் கேட்டார். "அமலா, அதுங்கள எங்க காணோம்?"

"பக்கத்து வீட்டுல கொய்யா பழுத்திருக்குல்ல, அங்க போயிருக்குங்க."

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது இந்தச் சத்தம். மரத்தடிக்குப் போய்ப் பார்த்தாள். ஆள் உயரத்துக்கு மேலே பட்டை புதிதாக உரிந்து, பிசின் வழிந்து, கற்பூரமும் பச்சை மரமும் கலந்த நெடி மூக்கில் ஏறியது. உரிந்த இடத்தில் பல் தடங்கள். அணிலின் பல்லுக்கு அவை ரொம்ப அகலம்.

சாயங்காலம் கஞ்சி ஊட்டப் போனவள் ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்தாள். துணி ஒட்டிக்கொண்டது. அதே நெடி. பல்லிடுக்கில் மரத்தூள்.

"என்னங்க, என்னத்தத் தின்னீங்க?"

"பசிக்குது அமலா," என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட வேண்டும் போலிருந்தது. அறைக்கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய மாதா கோயிலுக்கு ஓடினாள். சாமியாருக்கு முன்னால் மண்டியிட்டும் நாக்கு எழவில்லை. அப்படியே திரும்பினாள்.

இருட்டத் தொடங்கியிருந்தது. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. திறந்தாள்.

கட்டில் காலி.

ஜன்னல் கம்பிகள் முழுசாக இருந்தன. வெளியே காற்றில்லை. மரம் ஆடியது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். உச்சிக்குக் கீழே ஒரு வெள்ளைப் பனியன். தலைகீழாக. இரண்டு கன்னமும் உப்பி. கண்கள் அவள் மேல். சிமிட்டாமல்.

உயிரில்லாத அந்தக் கால்களின் விரல்கள், பட்டையை விட்டு விட்டுப் பிடித்து, அவளை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன.