மேற்குத் தாளில் இல்லாத குன்று

இரண்டு வரைபடத் தாள்களையும் ஒட்டிவைத்தபோது குன்று பாதியில் நின்றுபோயிருந்தது. கிழக்குத் தாளில் லைமன் வரைந்த உயரக்கோடுகள் ஓரம்வரை வழுக்கிக்கொண்டு வந்தன. மேற்குத் தாள் ஹோரஸுடையது, அதில் அவற்றைத் தொடர ஒரு கோடுகூட இல்லை.

"ரெண்டு பேரும் போய்ப் பாருங்க. தப்பு யாருதோ அவரு வேலைய விட்டுட்டு ரயிலேறிடலாம்," என்றார் அளவைத் தலைவர்.

குன்று இருப்பது ஹோரஸுக்குத் தெரியும். வரைந்ததும் அவன்தான், அப்புறம் ரப்பரால் அழித்ததும் அவன்தான். நெவாடாவின் மாட்டுப் பண்ணைக்காரர்கள்கூட லைமனின் கோடுகளைக் கொண்டாடினார்கள். ஹோரஸின் கோட்டை ஒருவரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. வயிறு எரிந்தது; லைமனின் குன்று பொய்யென்று ஆகட்டும் என்றுதான் அழித்தான். இந்தப் பொட்டல்காட்டுக்கு யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தான்.

"வெயில்ல கண்ணு கட்டியிருக்கும்ப்பா. தலைவர்கிட்ட நான் பேசிக்கிறேன்," என்றான் லைமன், குதிரையில் பக்கத்தில் வந்தபடி. அந்த அன்புதான் ஹோரஸை இன்னும் எரித்தது.

கிழக்கிலிருந்து பார்க்கக் குன்று முழுசாகத்தான் இருந்தது. லைமன் ஏறத் தொடங்கினான். ஹோரஸ் அடிவாரத்தைச் சுற்றி மேற்கே நடந்தான். புதர்களின் கசப்பு வாசனை சட்டென்று நின்றது, காற்று நின்றது, காலடியில் நெரிந்த சரளையின் ஓசையும் நின்றது. நிமிர்ந்தான். கத்தியால் அறுத்த ரொட்டிபோலக் குன்று பாதியோடு முடிந்திருந்தது. அதற்கப்பால் வெள்ளை. உப்புநிலமுமில்லை, வானமுமில்லை.

உச்சியில் லைமன் அவனைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே மேற்கே ஒரு அடி எடுத்துவைத்தான்.

ஆளைக் காணோம்.

"ஹோரஸ்... எங்கப்பா கால் வைக்கிறது?" குரல் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வந்தது.

அழித்ததைத் திரும்ப வரைந்தால் போதும் என்று அவனுக்குப் புரிந்தது. வரைந்தால் ரயிலேற வேண்டியவன் அவன். வரையாவிட்டால் இனி லைமனே இல்லை. வெட்கமில்லாமல், கொஞ்ச நேரம் அது இனித்தது.

"காலே இல்லப்பா எனக்கு," என்றது குரல்.

கொண்டுவந்திருந்த மேற்குத் தாளை விரித்தான். பென்சில். கோடு நெளிந்தது. இன்னொன்று. அதுவும் கோணல். லைமனுக்கு வருகிற அந்த வளைவு வரவில்லை. என்றைக்குமே வந்ததில்லை.

சரிவு எழும்பியது. திட்டுத் திட்டாக.

அதில் லைமன் இறங்கி வந்தான். ஒரு கால் நீண்டு. மற்றது முழங்காலோடு நின்று. வாய் காதோரம் ஒதுங்கி. கண்கள் இருந்த இடத்தில் தேய்த்த மங்கல்.

அந்த வாய் பிரியமாகச் சிரித்தது.

"நல்லா வரைஞ்சிருக்கேப்பா," என்று ஹோரஸின் தோளில் கை போட்டது அந்த உருவம். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.