பொடிசின் படம்

கணினியில் மகளின் படத்தைச் சுருக்கிச் சேமித்த அதே நொடியில், பூட்டிக் கிடந்த அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பிற்பகல் வெயில் திரைச்சீலையில் மஞ்சளாய் ஊறிக் கிடக்க, கணினியின் விசிறி மட்டும் இளைப்பு வந்ததுபோல் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. ஐந்து வயது மகள் காய்ச்சலில் போனதிலிருந்து அந்த அறையை யாரும் திறக்கவில்லை. இருந்தும் கதவிடுக்கு வழியே பவுடரும் இருமல் மருந்தும் கலந்த வாசனை இன்னும் கசிந்துகொண்டுதான் இருந்தது.

கைபேசி அதிர்ந்தது. கணவன்.

“நம்ம பொடிசு ஞாபகமா நெட்ல பண்ற பக்கம் என்னாச்சு? பெரியக்காவுக்கு படம் தொறக்கவே மாட்டேங்குதாம், சுத்திக்கிட்டே இருக்காம். இன்னும் கொஞ்சம் சின்னதாக்கேன்.”

“இதுக்கு மேல சுருக்குனா முகம் கலங்கிடுங்க.”

“உனக்குத் தெரியாததா? தினமும் இதானே உன் வேல.”

வேலைதான். ஒரு மரச்சாமான் கடையின் இணையதளத்துக்காக நாற்காலி, மேசைப் படங்களை இளைக்க வைப்பவள். கண் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிட்டால் பக்கம் சட்டென்று திறக்கும். நாற்காலிக்கு வலிக்காது.

தரத்தைக் குறைத்தாள். மகளின் புருவ மயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அறைக்குள் ஒரு விசும்பல்.

காதுதான் ஏமாற்றுகிறது. அழுது அழுது இப்படி ஆகிவிட்டது. அகலத்தைப் பாதியாக்கினாள்.

“அம்மா.”

மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

“அம்மா, எடம் பத்தல.”

அதே குரல். மூக்கடைத்த குரல். மருத்துவமனையில், வீட்டுக்குப் போகலாம் என்று கெஞ்சிய குரல்.

பதறிப்போய்ப் பழைய அளவுக்கு இழுத்தாள். படம் பெரிதானது. முகம் திரும்பவில்லை. கண்கள் இருந்த இடத்தில் கறுப்புச் சதுரங்கள். மூலப்படத்தைத் திறந்தாள். அதிலும் சதுரங்கள். கைபேசியிலும். சுவரில் மாட்டியிருந்த படத்திலும்.

கண்ணை மூடி மகளின் முகத்தை நினைத்துப் பார்த்தாள்.

வரவில்லை.

சாவி. பூட்டு. கதவு.

தலையணையின் நடுவே மகள் உட்கார்ந்திருந்தாள், உள்ளங்கை அளவில். படத்திலிருந்த அதே நீலச் சட்டை. கழுத்துவரை எல்லாம் சரியாக இருந்தது. அதற்கு மேல், தோல் நிறத்தில் நாலைந்து கட்டங்கள். அவை விம்மின. அடங்கின. மறுபடி விம்மின.

தூக்கச் சொல்லி இரண்டு கைகளும் நீண்டன. விரல்கள் தனித்தனியாகப் பிரியவே இல்லை.

“என் தங்கமே,” என்றாள்.

குழந்தையை அள்ளி முகத்தருகே கொண்டுவந்தாள். எங்கே முத்தம் கொடுப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றாள்.