வெளிச்சம் போதாத முகம்

செவ்வாய்க் கோளின் நான்காம் குவிமாடத்தில் எவர் தோலின் நிறத்தையும் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இப்படியொரு விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதியிருந்தால் யாரேனும் மீறியிருக்கக்கூடும். சொல்லியே தீரவேண்டிய இடத்தில் 'வெளிச்சம் போதவில்லை' என்பார்கள்.

அப்படிச் சொல்ல நேரும் இடம் வெளிவாயில். குவிமாடத்தின் புறச்சுவரைப் பழுதுபார்க்கச் செல்வோர் காலைதோறும் அங்கே மனநோக்கியின் முன் நிற்பார்கள். அது முகத்தைப் படமெடுத்து, தசைகளின் இறுக்கத்தையும் இமைகளின் தளர்ச்சியையும் அளந்து, 'தெளிவு' அல்லது 'மந்தம்' என்று அறிவிக்கும். மந்தம் என்றால் வெளியே செல்ல அனுமதியில்லை. அக்கருவியைப் பூமியில் வெளிர்முகங்களைக் காட்டிப் பழக்கியிருந்தார்கள். ஆகவே கறுத்த முகங்களின் நிழலை அது சோர்வென்று படித்தது. கருவியைத் திருத்தப் பூமியின் ஒப்புதல் வேண்டும். அது வருவதாக இல்லை. எனவே முகங்களைத் திருத்தினார்கள். ஒளிப்பூச்சு என்னும் வெளிறிய களிம்பு ஒரு டப்பாவில் கருவியின் அருகிலேயே தொங்கியது.

சுவர்ப் பணியாளன் இசக்கிமுத்து அதைப் பதினோரு ஆண்டுகளாகப் பூசிவந்தான். பூசினால் தெளிவு, பூசாவிட்டால் மந்தம். தன் மனத்தைத் தனியே விசாரிக்க அவனுக்குத் தோன்றியதேயில்லை.

ஒருநாள் உணவுக்கூடத்தில், குவிமாடத்தின் ஆவணப் படப்பிடிப்பாளரான உமையாளின் எதிரே வந்து அமர்ந்தான்.

"உமையாக்கா, போன வாரம் உயிர்வளிக் குழாயை இறுக்கித் திருகாமலே பாதித் தூரம் போயிட்டேன்."

"மறந்துட்டியா?"

"அதான் தெரியல. மறந்தேனா, வேண்டாம்னு விட்டேனா?"

உமையாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "டாக்டர்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். மனநோக்கிச் சீட்டை எடுத்துப் பாத்தாரு. பதினோரு வருஷமும் தெளிவு. 'உனக்கென்னய்யா, ராசா மாதிரி இருக்கே'ன்னு அனுப்பிட்டாரு."

"தெளிவா இருந்தது பூச்சுடா."

"அப்ப நான் எப்படிக்கா இருந்தேன்?"

அவளிடம் கேமரா இருந்தது. முப்பது நாட்கள், பூச்சைக் கழுவிய பிறகு, ஒரே நாற்காலியில், ஒரே விளக்கில் அவனைப் படமெடுத்தாள். அவன் தோலுக்கு ஏற்ப ஒளியை அளந்து வைத்தாள். பத்தாம் நாள்வரை அவன் கேமராவைப் பார்த்தான். பத்தொன்பதாம் நாள் கண்ணுக்குக் கீழே ஏதோ சரிந்திருந்தது. முப்பதாம் நாள் படத்தைக் கையில் வாங்கியவன், "யாருக்கா இது?" என்றான்.

குவிமாட நாள் கண்காட்சிக்கு முப்பது படங்களையும் அனுப்பினாள். மருத்துவரும் மேற்பார்வையாளர் கனகசபையும் அங்கே வருவார்கள். வரிசையாகப் பார்த்தால் எவருக்கும் விளங்கிவிடும் என்று நம்பினாள்.

விழாக் குழு படங்களுக்கு ஒளியேற்றி மாட்டியிருந்தது. முப்பது முகங்களும் ஒரே முகமாகப் பளபளத்தன. முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் வேறுபாடில்லை.

"அருமைம்மா," என்றார் கனகசபை. "மொதல்ல வெளிச்சமே பத்தல. நம்ம பசங்கதான் சரி பண்ணுனாங்க."

"சார், அந்த இருட்டுலதான் அவன் இருந்தான்."

"இப்பவும் இருக்கானே, பளிச்சுன்னு!"

மருத்துவர் ஆமோதித்தார். உமையாள் மீண்டும் மீண்டும் பார்த்தாள். தான் கண்டது துயரமா, வெறும் நிழலா என்று ஒரு கணம் அவளுக்கே ஐயம் எழுந்தது. அவளருகில் நின்ற இசக்கிமுத்துவுக்கோ அந்த ஐயம் ஒரு மாதமாகவே இருந்தது. கருவி முதன்முதலில் 'மந்தம்' என்று சொன்னதாலேயே தான் மந்தமாகிவிட்டோமா, அல்லது இந்தச் சோர்வு தன்னுடையதேதானா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு மனநோக்கியின் முன் நின்றான்.

'மந்தம்,' என்றது கருவி. பதினோரு ஆண்டுகளில் அன்றுதான் அது சரியாகச் சொன்னது. அவனைப் படித்துச் சொன்னதா, நிழலைப் படித்துச் சொன்னதா என்பதை அறிய வழியில்லை.

கனகசபை நிமிர்ந்து பார்க்காமலே டப்பாவை நீட்டினார். "வெளிச்சம் போதல. பூசிட்டு வாப்பா, வரிசை நிக்குதுல்ல."

இசக்கிமுத்து டப்பாவை வாங்கி, மூடி, மேசைமேல் வைத்தான்.

"வெளிச்சம் போதும் சார். நான் கறுப்பு. மனசும் சரியில்ல, வெளிய போனா திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியல."

கனகசபை பதறி எழுந்து அவன் தோளைப் பற்றினார், குரலைத் தாழ்த்தினார்.

"என்னப்பா நீ? நாலு பேர் நிக்கிற எடத்துல அந்த வார்த்தையைப் போயி..."

"கறுப்புதான் சார்," என்றான் இசக்கிமுத்து, வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. "அடுத்து ஒண்ணு சொன்னேனே, அது காதுல விழுந்துதா?"