பன்னிரண்டு சதுர மீட்டர்

ஜெனிஸ்டன் அந்த நகர மண்டபத்துக்குள் நுழைந்தபோது காலை ஒன்பது மணி. வெளியே நவம்பர் மழை. அவன் குடியிருக்கும் வுப்பர்டாலிலிருந்து இரண்டு ரயில் மாறி வர வேண்டிய சின்ன நகரம் அது. இங்கிலாந்தில் எட்வர்ட் அரசர் காலத்து மண்டபங்களைப் பார்த்து வாய்பிளந்து திரும்பிய ஒரு கட்டடக் கலைஞர் நூறு வருடத்துக்கு முன் எழுப்பியது. மணற்கல் முகப்பு, பச்சை பிடித்த செப்புக் குவிமாடம், இரண்டாகப் பிரிந்து ஏறும் பளிங்குப் படிகள் என்று அந்த ஊருக்குக் கொஞ்சம் அதிகமான ஆடம்பரம்தான். திருத்த வேலைக்காக அலுவலகங்களைக் காலி செய்துவிட்டார்கள். ஆளில்லாத அறைகளை அளந்து படம் கீறிக் கொடுப்பது ஜெனிஸ்டனின் வேலை. நாலு நாள் வேலையில் அன்று கடைசி நாள்.

தனிமை அவனுக்குப் புதிதல்ல. ஜெர்மனிக்கு வந்து பதினொரு வருடம், அத்தனை வருடமும் சுவரைப் பார்த்தபடிதான் சாப்பாடு. கலியாணமாகிப் பதினெட்டு மாதமாகிறது. மனைவியோடு சேர்ந்திருந்தது பதினெட்டு நாள். அவள் மன்னாரில் இருக்கிறாள், அங்கே மறுபடி சண்டை மூண்டுவிட்டது. அவளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டாயிற்று. இனி மிச்சம் ஒன்றே ஒன்று. இரண்டு பேருக்கு வீடு போதுமா என்று அதிகாரி வந்து பார்க்க வேண்டும். ஓர் ஆளுக்குப் பன்னிரண்டு சதுர மீட்டர் என்பது கணக்கு. அவன் வீடு இருபத்தாறு. ஊரார் கட்டடங்களை அளந்து பிழைப்பவன் தன் வீட்டை எத்தனை தரம் அளந்திருப்பான் என்று கேட்கவே வேண்டாம்.

காலையில் ரயிலில் இருந்தே மனைவி மக்டலீனுக்குத் தொலைபேசி எடுத்திருந்தான்.

"நாளைக்கோ வந்து அளப்பினம்?"

"ஓம். யோசியாதையும். ரெண்டு பேருக்குத் தாராளமாக் காணும்."

"இஞ்ச ராவு முழுக்க ஷெல் சத்தம். கெதியா என்னை அங்க எடுங்கோப்பா."

மேல்மாடியின் நீண்ட நடைக்கூடத்தை அவன் கடைசிக்கு வைத்திருந்தான். ஒரு பக்கம் முழுக்கக் கதவுகள், மறுபக்கம் நிறக் கண்ணாடி ஜன்னல்கள். மழை வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் வடிந்து, தரையில் பழைய தேநீர் நிறத்தில் கிடந்தது. லேசர் கருவியைச் சுவரோடு வைத்து அழுத்தினான். சிவப்புப் புள்ளி தூரத்துச் சுவரில் போய் நின்றது. 38.64 மீட்டர். பழைய வரைபடத்தோடு ஒத்துப்போனது.

சரி, சாப்பிட்டுவிட்டு மற்றதைப் பார்ப்போம் என்று, அலுவல்களுக்கு வந்தவர்கள் காத்திருந்த ஓக் மர வாங்கில் உட்கார்ந்து சோற்றுப் பெட்டியைத் திறந்தான். அப்போதுதான் வாங்கின் மறு நுனியில் ஒருவர் இருப்பதைக் கண்டான். கறுப்புக் கோட்டு, முழங்காலில் தொப்பி. குனிந்த தலை நிமிரவில்லை. காவலாளியாக இருக்கும் என்று நினைத்தான்.

பக்கத்தில் ஆள் இருக்க ஒரு வார்த்தை கேட்காமல் சாப்பிட்டால் அவனுக்குத் தொண்டையில் இறங்காது, வளர்ப்பு அப்படி. இந்த நாட்டில் யாரும் அப்படிக் கேட்பதில்லை என்று தெரிந்தும் வாய் முந்திவிட்டது. அதுவும் தமிழில்.

"வாங்கோ, சாப்பிடுவம்."

மனிதர் அசையவில்லை. ஜெனிஸ்டன் குனிந்து மீன் துண்டைப் பிட்டான். நிமிர்ந்தபோது வாங்கு காலியாக இருந்தது. காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. நனைந்த கம்பளியின் வாடை மட்டும் நின்றது. உண்மையைச் சொன்னால் அவனுக்குப் பயம் வரவில்லை, ஆள் போய்விட்டதே என்று கவலையாகத்தான் இருந்தது.

அளவைச் சரிபார்க்க மறுபடி அதே சுவரில் கருவியை வைத்தான்.

21.10.

பற்றரி இறங்கியிருக்கும் என்று நினைத்து மாற்றிப் போட்டான்.

14.37.

நடைக்கூடம் வெறுமையாகக் கிடந்தது. ஆனால் சிவப்புப் புள்ளி தூரத்துச் சுவரில் இல்லை. வழியிலே, வெறும் காற்றில், ஒரு மனிதனின் நெஞ்சு உயரத்தில் நின்றது.

6.02.

ஈரக் கம்பளி வாடை கூடியது.

அவன் விரல் தானாக இன்னொரு தரம் அழுத்தியது.

0.40.

கருவியையும் சோற்றுப் பெட்டியையும் அங்கேயே போட்டுவிட்டு ஓடினான். இரண்டாகப் பிரியும் படிகளில் எந்தப் பக்கத்தால் இறங்கினான் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ரயிலில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. நின்றுகொண்டிருந்தவர்கள்கூட அதில் உட்காரவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அதிகாரி வந்தார். நரைத்த தலை, நல்ல முகம். மடக்குக் கோலை விரித்து அறையை அளந்தார், குளியலறையைப் பார்த்தார், சமையலறைக்குள் போனார். அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றார். ஜெனிஸ்டன் கூடத்தில் நின்று மனதுக்குள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு கையெழுத்துப் போட்டால் மக்டலீன் வந்துவிடுவாள். இனி ஒரு நாளும் தனியாகச் சாப்பிட வேண்டாம்.

அதிகாரி வெளியே வந்து கதவை மெல்லச் சாத்தினார்.

"இருபத்தாறு சதுர மீட்டர். இரண்டு பேருக்குப் போதும்" என்றார் ஜெர்மனில். "ஆனால் உங்கள் மனைவி வந்தால் மூன்று பேர் ஆகிவிடுவீர்கள். மன்னிக்க வேண்டும், என்னால் சம்மதம் எழுத முடியாது."

"மூன்றா? நான் தனியாள்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "உள்ளே இருக்கிற பெரியவரிடம் கேட்டேன். நீங்கள்தான் சாப்பிடக் கூப்பிட்டதாகச் சொன்னார். போவதற்கு அவருக்கு வேறு இடமும் இல்லையாம்."

படிவத்தை மேசையில் வைத்துவிட்டு அவர் படியிறங்கிப் போனார். ஆட்கள் எண்ணிக்கை என்ற கட்டத்தில் மை இன்னும் காயவில்லை. ஜெனிஸ்டனின் சட்டைப் பைக்குள் தொலைபேசி அடித்தது. மன்னார் இலக்கம்.

அவன் அதை எடுக்கவில்லை. சாத்திய சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம், சாப்பாட்டு மேசையடியில் ஒரு கதிரை இழுபட்டது. பிறகு இன்னொன்று.